புளியங்கொட்டை எண்ணிக் கேட்ட பாலம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் பாலம் கட்டும் அலுவலகம் ஒன்றில் டிரேசராக இருந்தேன். என்ஜினீயர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, கோடு பிசகாமல் மையால் படியெடுக்கும் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிள் மிதிப்பதை முதல் மாதம் வீதியே நின்று பார்த்தது. இரண்டாம் மாதம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

போகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலம் இருந்தது. பழையது, ரொம்பக் குறுகல். பஸ் வந்தால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். லால்குடிப் பக்கமிருந்து வாழையிலைக் கட்டு ஏற்றி வருகிற ஒருவர், ஒருநாள் என் கண்ணெதிரிலேயே பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், கட்டோடு சாய்ந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலைகள் வாய்க்காலில் மிதந்து போயின.

அந்தப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று வரைபடம் என் மேஜைக்கே வந்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசை ஆசையாகத் துணியை விரித்தேன். பாதி வரைவதற்குள் கை நின்றுவிட்டது. இரண்டு லாரி ஒன்றையொன்று தாண்டுகிற அகலத்துக்குத்தான் சாலை. அதை ஒட்டி இரு பக்கமும் முழங்கால் உயர நடைபாதை. போதாததற்கு, மழைத்தண்ணீர் இறங்கும் குழிகளின் மூடிக்குச் சாலைவாக்கில் நீளநீளமாகக் கம்பி. சைக்கிள் டயர் கச்சிதமாக உள்ளே இறங்கிவிடும்!

நேராக என்ஜினீயரிடம் போனேன்.

"சார், இதுல சைக்கிளுக்கு இடமே இல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, டிரேஸ் பண்ண வந்தீங்களா, டிசைன் பண்ண வந்தீங்களா? பஸ், லாரி, மாட்டுவண்டி, இதுக்குத்தான் கணக்கு. சைக்கிள் ஓரமா போயிடும்."

"ஓரம் எங்க சார் இருக்கு?"

அவர் மறுபடி தன் காகிதத்தில் குனிந்துகொண்டார். திட்டவில்லை. அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது.

வீட்டில் அப்பாவிடம் கொட்டினேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரும் அதே பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்தான். "வெறுமனே சொன்னா போறாதுடி. கண்ணுல காட்டணும்" என்றார். மறுநாள் காலை இருவரும் பாலத்து முனையில் போய் நின்றோம். ஒரு சைக்கிள் போனால் என் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. ஒரு பஸ்ஸோ லாரியோ போனால் அப்பாவின் டப்பாவில் ஒரு சோழி. பால்காரர்கள், மில் ஆட்கள், பின்னால் பிள்ளைகளை உட்காரவைத்துப் போகிற குமாஸ்தாக்கள். எனக்குக் கை ஓயவில்லை. "அப்பா, டப்பா ரொம்பிடுத்து!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அப்பா தன் மேல்துண்டை நீட்டினார். மிச்சத்தை அதில் போட்டேன்.

அன்றே டப்பாவையும் துண்டு மூட்டையையும் என்ஜினீயர் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சோழி.

"என்னம்மா இது, பல்லாங்குழியா?"

"கொட்டையெல்லாம் சைக்கிள் சார். சோழிதான் பஸ்ஸும் லாரியும்."

கொஞ்ச நேரம் கொட்டைகளை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்குக் காலையில பாலத்துக்கு வரேன். உங்க சைக்கிளைக் கொடுங்க, ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

ஜீப்பில் வந்திறங்கினார். ஆறடி ஆள், என் லேடீஸ் சைக்கிளில் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்க ஏறி உட்கார்ந்தார். பாலத்தின் நடுவே போகும்போது பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. அவர் தடுமாறிக் குதித்துச் சுவரோடு ஒட்டினார். பஸ் உரசாத குறையாகப் போனது. திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் சுண்ணாம்பு. எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார்.

"தினமும் இப்படியா வரீங்க? அந்த வரைபடத்தை எடுங்கம்மா."

மேலதிகாரிகளோடு அவர் இரண்டு மாதம் மல்லுக்கட்டினார். கடைசியில் நடைபாதை ஒரு பக்கம் மட்டும் என்றாயிற்று. மிச்சப்பட்ட அகலத்தில், சாலையின் இரு ஓரமும் சைக்கிளுக்கு ஒரு பட்டை. குழி மூடிகளின் கம்பி குறுக்குவாட்டில் திரும்பியது. பாலத்தில் ஏறும் சரிவைக் குறைக்கச் சொல்லியும் கேட்டேன். சரிவை நீட்டப் பக்கத்துத் தென்னந்தோப்பை வாங்க வேண்டும், நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். பாரம் ஏற்றியவர்கள் அங்கே இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருந்தது. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் திருத்திய வரைபடம் வந்த அன்று அந்த ஓரக் கோட்டை இழுக்க மட்டும் வேறு யாரையும் விடவில்லை. நானே இழுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பாலம் திறந்த காலையில் ரிப்பன் வெட்டி, பெரிய மனிதர்கள் காரில் போன பிறகு எங்களை விட்டார்கள். எத்தனை சைக்கிள் மணிச் சத்தம்! அப்பாவும் நானும் பேசிக்கொண்டே போனோம். பின்னால் பஸ் வந்தது. நான் பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன்.

"இறங்காதே, மிதி!" என்றார் அப்பா.

மிதித்தேன். பஸ் தன்பாட்டுக்குத் தாண்டிப் போனது. அக்கரை சேர்ந்ததும் திருப்பினேன். மறுபடி வந்தேன். மறுபடி போனேன். அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் தாமதம் என்று எழுதி வைத்திருந்தார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.