சிங்குக்குள் எரிந்த மெழுகுதிரி

செத்தவர்களுக்கு ஏற்றும் விளக்கை இந்த லண்டனில் சிலர் பாத்திரம் கழுவும் சிங்குக்குள் வைக்கிறார்கள். ஊரில் இருந்தபோது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கழுவித் துடைத்த இடத்தில், படத்துக்கு முன்னால், பூ வைத்து ஏற்றித்தானே நமக்குப் பழக்கம்? போன வருடம் பங்குனி மாதத்து மாலையொன்றில், சட்டன் பகுதியில் மிஸஸ் வைஸின் சமையலறைக்குள் போனேன். கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றிய மெழுகுதிரி ஒன்று, தேயிலைக் கறை படிந்த சிங்கின் நடுவில், குழாய்க்கு நேர் கீழே எரிந்துகொண்டிருந்தது. விழுந்தாலும் வீடு பற்றாத இடம் என்று அங்கே வைப்பார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகு என்ன பயன், அன்றைக்குச் செய்ய வேண்டிய பிழையைச் செய்து முடித்துவிட்டேன்.

நான் கேரர் வேலை செய்கிறவள். நான் குடியிருக்கும் நோர்பரியில் இருந்து பஸ் பிடித்துப் போய், தனியாக இருக்கும் வயதானவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்கவைத்துவிட்டு வருவேன். மிஸஸ் வைஸுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பிறந்தது வியன்னாவில். ஆறு வயதில், யூதக் குழந்தைகளை மட்டும் ஏற்றி வந்த ரயிலில் லண்டனுக்கு அனுப்பப்பட்டவர். அம்மாவும் இரண்டு வயதுத் தம்பியும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதியும், எந்த முகாமில் கொன்றார்கள், எந்த நாள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கணவர் எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மிரியம் வருவாள். பத்தொன்பது வயது, பல்கலைக்கழக மாணவி, வட லண்டனில் இருந்து இரண்டு ரயில் மாறி வருகிற யூதப் பெண். தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போவதால், இளையவர்கள் ஆளுக்கொருவரின் கதையைக் கேட்டுப் படித்து, அவர்கள் இல்லாத காலத்தில் பள்ளிக்கூடங்களில் சொல்வதற்கு ஒரு ஏற்பாடு. மிஸஸ் வைஸின் கதை மிரியத்துக்கு வந்தது. அவள் முன்னறையில் நின்று சொல்லிப் பழகுவாள். நான் உள்ளே துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மிஸஸ் வைஸுக்குத்தான் பொறுக்காது.

“அம்மா கையசைத்தார், நான் அழுதேன் என்கிறாள்,” என்று ஒருநாள் குளியலறையில் என்னிடம் பொரிந்து தள்ளினார். “நான் அழவில்லை மாலா. எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.”

“இதை அவளிடம் சொன்னீர்களா?”

“பள்ளிக்கூடத்தில் மூத்திரக் கதை சொல்வாளா?”

மிரியத்துக்கு வேறு பயம். ஒருமுறை படிக்கட்டில் வைத்துக் கேட்டாள்: “நான் ஒரு தேதியைப் பிழையாகச் சொன்னால் என்ன ஆகும்? அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னப் பிழை அவர்களுக்குப் போதும்.” நான் சொன்னேன், “நீ எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.” அவள் சிரித்து, என் கையைப் பிடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஆறுதல் சொன்னேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். ஈழத்தில் இருந்து வந்த நம் ஆட்களுக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தப் பங்குனி மாலைக்கு வருகிறேன். மிரியம் வந்து மெழுகுதிரியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் மிஸஸ் வைஸைப் படுக்கவைத்துவிட்டு, கோப்பை கழுவப் போனபோது சிங்குக்குள் நெருப்பு. எங்கள் கொம்பனியில் ஒரு சட்டம்: எரியும் நெருப்பை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டக்கூடாது. ஒபிஸில் இருக்கும் சுகந்தி அக்காவுக்கு போன் எடுத்தேன்.

“நெருப்பு எண்டால் ஒண்டும் யோசியாதையும். நூத்துப்போட்டு வாரும்,” என்றார்.

அவருக்கும் யாழ்ப்பாணம்தான். எங்கள் இருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் சாமி விளக்கை ஏற்றி, கொஞ்ச நேரத்தில் நூர்த்து அணைத்துவிடுகிறவர்கள். வாயால் ஊதக்கூடாது, அவ்வளவுதான். நானும் ஊதவில்லை. ஒரு கரண்டியின் அடியால் திரியை மெழுகுக்குள் பக்குவமாக அமிழ்த்தி, மனதுக்குள் மன்னிப்பும் கேட்டு, காலையில் வந்து ஏற்றிவிடலாம் என்று போய்விட்டேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு பஸ்ஸில் இருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

காலையில் கதவைத் திறந்தால், படுக்கையில் இருக்க வேண்டியவர் சமையலறையில், சிங்கைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறார். எப்போது எழுந்து, பிடித்து நடக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாரோ தெரியாது. கால்கள் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தன.

“தானாக அணைந்ததா?” என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். காற்று என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது. “நான்தான் அணைத்தேன்,” என்றேன். எங்கள் வீட்டு வழக்கத்தையும் கொம்பனிச் சட்டத்தையும் சொன்னேன். ஒரு மாலையில் இருந்து அடுத்த மாலை வரைக்கும் தானாக எரிந்து முடிய வேண்டிய விளக்கு அது என்று அவர் சொன்னார். அம்மாவுக்கும் தம்பிக்கும் வருடத்தில் ஒரே ஒரு நாள். அவர் கோபப்படுவார் என்று காத்து நின்றேன். அவர் பயந்துபோய் இருந்தார்.

“நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே இது அணைகிறது. நான் இல்லாதபோது?”

 குனிந்து அவர் காலில் சொக்ஸ் போட்டுவிட்டேன். கேள்விப்பட்ட மிரியம், வகுப்பை விட்டுவிட்டு மதியம் வந்து சேர்ந்தாள். அவளுக்காகத்தான் மதிய வேலைக்கும் என்னையே அனுப்பும்படி ஒபிஸில் கேட்டிருந்தேன், முகத்தைக் காட்டாமல் ஒளிக்க மனம் வரவில்லை. அவள் தங்கள் மதகுருவான ராபைக்கு போன் எடுத்துக் கேட்டாள். தெரியாமல் நடந்தது, திரும்ப ஏற்றலாம் என்றாராம். தீப்பெட்டியை எடுத்தவளை மிஸஸ் வைஸ் நிறுத்தி, என்னிடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு குச்சி வீணாகி, மூன்றாவதில்தான் பற்றியது.

“உன் வீட்டில் யாருக்கும் இப்படி நாள் வைப்பதில்லையா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு இருக்கிறது. தம்பிக்கு இல்லை. கடைசி யுத்தம் முடிந்த நேரம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் தம்பி குமரனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதை அம்மா கண்ணால் கண்டவர். நான் அப்போது நோர்பரியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு நின்ற மூச்சை அம்மா இன்னும் விடவில்லை. ஐயர் ஒருவர், ஒரு திதியைக் குறித்துச் செய்துவிடுவோம் என்று சொன்னதற்கு, அவரை வீட்டுப் படி ஏறவிடவில்லை. நாள் குறித்தால் நாங்களே அவனைக் கொன்றது போல ஆகிவிடும் என்பது அம்மாவின் நியாயம். என் மகள் அபிக்கு இப்போது பதினைந்து வயது. மாமா வெளிநாட்டில் எங்கோ இருக்கிறார் என்றே வளர்த்துவிட்டேன். இதையெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் கொட்டி முடித்தேன்.

 மிஸஸ் வைஸ் மிரியத்தைப் பார்த்துச் சொன்னார்: “எழுதிக்கொள். இது அவர்கள் செத்த நாள் இல்லை. நான் ரயில் ஏறிய நாள். முப்பது வயது வரைக்கும் கடிதத்துக்குக் காத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரு நாள்தான், அதை எடுத்துக்கொண்டேன். நான் அழவில்லை என்பதையும் எழுது. மூத்திரம் வந்தது என்பதையும் எழுது.”

மிரியம் எழுதினாள்.  அவர்களுடைய நாள்காட்டியும் நம் பஞ்சாங்கம் மாதிரிச் சந்திரனைப் பார்த்து நடப்பது, இங்கிலீஷ் தேதி வருடா வருடம் மாறும். போனில் எல்லா வருடத்துக்கும் போட்டுவைக்கிறேன் என்றாள் அவள்.

“போனை மாற்றுவாய்,” என்றார் மிஸஸ் வைஸ். பிறகு என்னைக் காட்டினார். “ஏற்றுவது உன் வேலை. ஆனால் இவளிடமும் சொல்லிவை. இவள் அணைத்தவள். இவளுக்கு மறக்காது.”

போன தை மாதம் அவர் போய்விட்டார். மிரியம் இப்போது பள்ளிக்கூடங்களில் அவருடைய கதையைச் சொல்கிறாள். மூத்திரம் என்ற இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், சிரித்துவிட்டு அடங்கிப்போகிறார்களாம். இந்த வருடம் நாள் நெருங்கியபோது அவளிடம் இருந்து ஒரு வரி வந்தது: “நாளை மாலை. நான் ஏற்றுவேன். நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்கள்தானே?” அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை. எனக்கும் போகவில்லை. நான் அதற்குள் இரண்டு மெழுகுதிரி வாங்கிவைத்திருந்தேன்.

ஒன்றை எங்கள் வீட்டுச் சிங்குக்குள் ஏற்றினேன். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவாமல் மேசையில் அடுக்கினோம். யாருக்கு என்று அபி கேட்டாள். மிஸஸ் வைஸைச் சொன்னேன், அவருடைய அம்மாவையும் தம்பியையும் சொன்னேன். அப்படியே குமரனையும் சொன்னேன். அவள் அழவில்லை. “ஏன் அம்மா எனக்குப் பொய் சொன்னனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள். குமரனுக்கு என்று வாங்கிய மற்ற மெழுகுதிரியை ஏற்றாமல் அலுமாரிக்குள், கற்பூரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியப்புறம் வேலைக்குப் போக எழும்பியபோது, அபி எனக்கு முன்னால் சமையலறையில் நின்றாள். அணைந்துவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறாள். லைட் போட மனம் வரவில்லை, அந்த வெளிச்சத்திலேயே தேத்தண்ணி வைத்தேன். வழக்கம்போல ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார்.

“என்ன பிள்ளை, இருட்டுக்குள்ள நிக்கிறாய்? பின்னால என்ன வெளிச்சம்?”

“கரண்ட் போட்டுது அம்மா. மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன்.”

“லண்டனிலயும் கரண்ட் போறதோ!” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்கட ஊரில மட்டுந்தான் எண்டு தம்பி எந்த நேரமும் பேசுறவன். வரட்டும் அவன், சொல்லுறன்.”

எனக்குப் பின்னால் பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அது கேட்கக்கூடாதென்று போனைக் கிட்டப் பிடித்தேன். அபி அலுமாரியைத் திறந்து, ஏற்றாத மெழுகுதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள்.