புத்தூர் ரோட்டில் இரண்டு பஸ்கள்

சித்தப்பா மகளும் நானும் பிச்சாட்டூரில் ஒரே வீடு, ஒரே வகுப்பு. பள்ளியில் நடந்த ஆங்கில மரபுத்தொடர் போட்டியிலும் ஒரே மதிப்பெண் எடுத்தோம். திருப்பதியில் நடக்கும் அடுத்த சுற்றுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். சார் காசைச் சுண்டினார். பூ விழுந்தது, நான் ஜெயித்தேன். வீடு வரும்வரை அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

போட்டி நாளன்று என் அப்பா, நைனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தோற்றவளின் தகப்பனான சித்தப்பாதான் தன் வேலையை விட்டுவிட்டு என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார். பந்தயம் பற்றிய தொடர்களைப் பின்னால் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். வடமாலபேட்டை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னா பாப்பா, நெக் அண்ட் நெக்குக்கும் டெட் ஹீட்டுக்கும் ஒரே அர்த்தம் சொல்லிக்கினு வர்றே?"

"ரெண்டுமே சமம்தானே சித்தப்பா?"

"அது எப்பிடி? புத்தூர் ரோட்டுல ரெண்டு பஸ்ஸு உரசிக்கினு ஓடுது. எது முந்தும்னு தெரியாது. அது நெக் அண்ட் நெக். ரெண்டும் ஒண்ணா ஸ்டாண்டுல பூந்துட்டா டெட் ஹீட். ஆட்டம் முடிஞ்சிபோச்சி. எங்க, இன்னொரு தபா சொல்லு."

நான் தப்பில்லாமல் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியது.

மேடையில் எனக்கு வந்த கடைசிக் கேள்வியே அந்த வேறுபாடுதான். பஸ்களை வைத்தே பதில் சொன்னேன். நடுவர்கள் சிரித்தார்கள், இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

வீட்டு வாசலில் அவள் காத்திருந்தாள்.

"இன்னாடி கேட்டாங்க?"

கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள், "ரெண்டு பஸ்ஸு உரசிக்கினு ஓடுது" என்று ஆரம்பித்து, சித்தப்பா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். சித்தப்பா எங்களைப் பார்க்காமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெலுங்குப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவர் அவர். நான் தூங்கிய பிறகு மகளை எதிரில் உட்காரவைத்து, அவள் படிக்கக் கேட்டுக் கேட்டே அத்தனை தொடர்களும் அர்த்தத்தோடு அவருக்கு மனப்பாடமாகியிருந்தன; அவளுக்குப் புரிவதற்காக அவர் கட்டியதுதான் அந்த பஸ் கதை. அவளுக்காகச் சேர்த்ததை, அவளை முந்திய எனக்குக் கொடுத்திருக்கிறார். இது விளங்க எனக்கு எத்தனையோ வருஷங்கள் ஆயின. அன்றைக்கு விளங்கியது வேறு: இவ்வளவு ஆங்கிலம் தெரிந்த சித்தப்பா, இத்தனை நாளும் தன் மகளுக்கு மட்டும் ரகசியமாகப் பாடம் நடத்தியிருக்கிறார். அந்தக் கோபத்தில், அவர் திருப்பதியில் வாங்கித் தந்த ஜிலேபியில் அவளுக்குப் பங்கு கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன்.