ஏலத்துக்குப் போன கேம் பெட்டி

பிரபுதாஸுக்கு விளையாட்டில் ஆசை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், அறுபது தாண்டிய மனுஷன் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததற்கு சங்கரன்கோவிலில் அவர் தெருக்காரர்கள் சொன்ன காரணத்தையே நீங்களும் நம்பிவிடுவீர்கள். டீச்சராக இருந்த மனைவி இறந்துபோன துக்கத்தில் அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள். மூளை நன்றாகத்தான் இருந்தது.

அவர் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது பனவடலிசத்திரம் வரைக்கும் அவர் கால் படாத வீடு குறைவு. 'அண்ணாச்சி, போன் செத்துக் கெடக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்று ஆள் விடுவார்கள். போனால் காப்பி வரும், ஊர்க்கதை வரும், சமயத்தில் மத்தியானச் சாப்பாடே கிடைக்கும். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. அவரைக் கூப்பிட யாருக்கும் ஒரு முகாந்திரம் இல்லாமல் போயிற்று. மனைவி ஜெயபாய் இருந்தவரை அது உறைக்கவில்லை. பிள்ளையில்லாத வீடு என்றாலும் டீச்சர் வீடு, யாராவது வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் இறந்ததோடு அதுவும் நின்றது. அவர்மேல் யாருக்கும் வெறுப்பில்லை. வருவதற்கு ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அதனால் அவரே ஒரு வேலையை உண்டாக்கப் பார்த்தார். ஜெயபாய் கேள்வித்தாள் அடித்த கம்ப்யூட்டர் மூலையில் தூசி மண்டிக் கிடந்தது. அதைப் பழைய வீடியோ கேம் ஆடுகிற பெட்டியாக மாற்றி, கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிடுவது. சேவல், பூசணிக்காய், முறுக்கு என்று வீட்டுக்கு வீடு காணிக்கையாகக் கொண்டுவருவதை அன்றைக்கு ஏலம் விடுவார்கள். பிள்ளைகள் உள்ள ஏதாவது ஒரு குடும்பம் இதை எடுக்கும். பழைய பெட்டிதானே, அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணினால் அவரைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஃபேனில் அடைந்திருந்த தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். பிராசஸர் மேல் காய்ந்து போயிருந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவினார். பென் டிரைவிலிருந்து கேம் சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. பார்த்தால், மதர்போர்டில் இருந்த பொட்டு பேட்டரி செத்திருக்கிறது. அணைத்துப் போடும்போதெல்லாம் அவர் வைத்த செட்டிங் மறந்துபோயிருக்கிறது. பேட்டரியை மாற்றியதும் பெட்டி வழிக்கு வந்தது. செங்கல் உடைப்பது, வால் நீளுகிற பாம்பு, கார் ரேஸ் என்று வரிசையாகத் திரையில் வந்தபோது அவர் சிரித்தேவிட்டார். திரும்பிப் பார்த்தால் காட்ட ஆளில்லை.

கடைசியாக ஒரு கள்ளத்தனமும் செய்தார். செட்டிங்ஸ் திறக்க எந்தெந்தப் பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்பதைத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்தார். காணிக்கைப் பொருளில் இப்படிச் செய்யலாமா என்று மனசு உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

கோயிலில் பெட்டியை இறக்கியபோது, பேர் எழுதி ஒட்டச் சொன்னார்கள். யோசிக்காமல் 'ஜெயபாய் டீச்சர் நினைவாக' என்று எழுதினார். அவள் பெட்டிதானே.

அங்கேதான் தப்புப் பண்ணினார். அந்தச் சபையில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் நினைவாக வந்த பொருளை அந்த வீட்டுக்காரர்தான் ஏலத்தில் எடுப்பார், மற்றவர்கள் குறுக்கே கேட்க மாட்டார்கள். அவரே எத்தனையோ தடவை வாயை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். தன் விஷயத்தில் மட்டும் அது தோன்றாமல் போய்விட்டது.

ஏலம் விட்டது பக்கத்துத் தெரு ஜாஸ்பர். பூசணிக்காய்க்கு அடிபிடி நடந்தது. கேம் பெட்டி வந்ததும் பந்தலே அடங்கிப்போயிற்று. எல்லாரும் திரும்பி பிரபுதாஸைப் பார்த்தார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவரோ யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"அண்ணாச்சி, நீங்க கேளுங்க," என்றார் ஜாஸ்பர் தணிந்த குரலில்.

காணிக்கை கேட்பாரில்லாமல் நிற்கக் கூடாது. வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னார். ஜாஸ்பர் மூச்சு விடாமல் மூணு தரமும் சொல்லி முடித்தார். சபையே கை தட்டியது.

ஜாஸ்பரே அவரை பைக்கில் பின்னால் ஏற்றி, பெட்டியை மடியில் கொடுத்து வீடு வரை கொண்டுவந்து விட்டார். "வேற யாரும் கேட்டுரக் கூடாதுன்னு காலையிலேயே எல்லார்ட்டயும் சொல்லி வச்சிட்டேன் அண்ணாச்சி. அக்கா பொருள் வெளிய போகலாமா?"

பிரபுதாஸ் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். "நீ கொண்டு போயேன் ஜாஸ்பரு. ஒன் வீட்டுல பிள்ளேல்லாம் இருக்கு."

"சும்மா இருங்க. அக்கா ஞாபகத்த நாங்க கொண்டு போனா ஊர் என்ன சொல்லும்?"

"இல்ல, அதுக்கில்ல..."

"பந்தி பரிமாற ஆள் இல்ல அண்ணாச்சி. கூப்புடுதாங்க. நீங்க கொஞ்சம் படுத்து எந்திரிங்க. யாரும் ஒங்களத் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கிடுதேன்."

பைக் கிளம்பியது. அது தெருமுனை திரும்பிச் சத்தமும் ஓய்ந்த பிறகு, பிரபுதாஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எனக்கு இது வேண்டாம்லே. யாராவது என்னக் கூப்பிடணும்னுதான் செஞ்சேன்."