நான் எழுதிய கண்ணீர்

2003-ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் துறைக்குப் பல்லூடக எழுத்து என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. ரேடியோ, டி.வி., குறும்படம், அப்போதுதான் எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த இன்டர்நெட், இதற்கெல்லாம் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். துறையில் மூத்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. வயதில் நான்தான் சின்னவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு வீடியோ கேமராவைக் கையால் தொட்டதுகூட கிடையாது.

காலையில் தற்கால இலக்கியம், மதியம் இந்தப் புதுப் பாடம். காலை வகுப்பு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிறுகதைகளில் வரும் துயரத்தை நான் வாசித்துக் காட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணைத் துடைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மதியப் பாடத்துக்குப் புத்தகமே இல்லை. நானாக ஏதோ யோசித்து, டி.வி.யில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு காட்சியைப் போட்டு, அதற்குப் பின்னணிக் குரல் எழுதச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது.

ஆண்டு முடிவதற்குள் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். எரியோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி, தன் ஊரில் பூ விவசாயம் செய்யும் ஒரு அம்மாவைப் படம் எடுக்கலாம் என்றாள். கணவர் இறந்தபிறகு தனியாளாகச் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் போட்டு, விடிகாலை பஸ்ஸில் சாக்குகளை ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருபவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சொந்தம் இல்லாவிட்டாலும் தெருமுறையில் இவளுக்கு அத்தை. கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தாராம். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் கேமராவை இரவல் வாங்கி இரண்டு நாள் எடுத்தார்கள்.

அவள் எழுதிக்கொண்டு வந்த பின்னணிக் குரலை வாசித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை மணிக்குப் பூப் பறிக்கிறார், மோட்டார் ஓடாத அன்று என்ன செய்கிறார், கண்டக்டரிடம் என்ன பேசுகிறார் என்று அப்படியே எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'உணர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் மறுபடி எழுதினாள். அதுவும் அப்படியேதான் இருந்தது. கல்லூரிகளுக்கிடையே நடந்த குறும்படப் போட்டிக்கு அனுப்ப இரண்டே நாள் இருந்ததால் நானே உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நன்றாக வந்தது. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். அந்த அம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற காட்சி ஒன்று இருந்தது. அதன் மேல், 'அழுது அழுது வற்றிப்போன கண்கள் இவை' என்று ஒரு வரி போட்டேன். அடுத்த காட்சிக்கு, 'அடுப்பெரியாத நாட்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?' ஸ்டுடியோக்காரர் புல்லாங்குழல் இசையைச் சேர்த்துக் கொடுத்தார். மாணவி மட்டும் தயங்கித் தயங்கி, "மிஸ், அத்தை வீட்டுல அப்படியெல்லாம் இல்ல மிஸ்" என்றாள். எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னால் அது பத்திரிகைச் செய்தி, இது கலை என்று விளக்கினேன். எழுதியவர் பெயராக அவள் பெயரையே போட்டோம். நான் என் பெயரை விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டேன்.

போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. ஊரில் லோக்கல் கேபிள் சேனல் நடத்துகிறவர் கேட்டு வாங்கி, பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் போட்டார். எரியோடு பக்கமும் அந்தக் கேபிள் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அந்த மாணவி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம் போனது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். என்னைப் பார்க்க யாரோ வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். வராந்தாவில், மடித்த காலிச் சாக்குகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார். மார்க்கெட் முடிந்து நேரே வந்திருக்கிறார். படத்தில் அத்தனை தடவை பார்த்த முகம். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கதான் அந்தப் புள்ளைக்கு டீச்சரா?" என்றார். ஆமாம் என்று உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்க ஊர்ப் புள்ளைன்னுதான் டீச்சர் கேமராவ வீட்டுக்குள்ள விட்டேன். இப்படி எழுதலாமா அவ? நான் எப்ப அழுதேன்? ஈர வெறகு பொகைஞ்சுச்சு, மூஞ்சியத் தொடச்சேன். அடுப்பெரியாத வீடாம்ல எங்க வீடு! எம்மக ஒருநாள் பசின்னு படுத்ததில்ல."

சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அவர் மகளுக்கு வடமதுரையில் ஒரு இடம் பேசி, ஏறக்குறைய முடிவாகியிருந்ததாம். "நான் டிவியில வாரேன், எல்லாரும் பாருங்கன்னு நாந்தான் அவுங்களுக்கும் ஆள்விட்டுச் சொன்னேன். பார்த்துட்டு, இம்புட்டுக் கஷ்டத்துல இருக்குறத ஏன் மறைச்சீங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

மாணவி என்ன சொன்னாள் என்று மெல்லக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லுவா? தப்பாப் போச்சு அத்தைன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. அம்புட்டுத்தான்."

அதாவது, அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வராந்தாவில் சக ஆசிரியைகள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் அறை பத்தடி தள்ளி. நான் தற்காலிகப் பணியில் இருந்தேன். "அவளைக் கூப்பிட்டு விசாரிக்கிறேம்மா" என்றேன். என் காதுக்கே அது வேறு யாரோ பேசியது போல இருந்தது.

அந்த அம்மா அதை நம்பினார். "நல்லாச் சொல்லிக் குடுங்க டீச்சர். சின்னப் புள்ள, தெரியாம எழுதிருச்சு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.

அன்று மதியம் வகுப்பில் இன்னொரு மாணவி சொன்னாள். காய்ச்சல் ஒன்றும் இல்லையாம். பக்கத்து வீட்டு மானத்தை வாங்குவதற்குத்தான் படிக்கிறாயா என்று சொல்லி, அவள் அப்பா இனி கல்லூரியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டாராம். இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

துறை அறைக்குப் போய் அவள் முதலில் எழுதிய தாள்களைத் தேடி எடுத்தேன். என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். 'இன்னைக்கு ரெண்டு சாக்குதானாக்கா?' என்று கண்டக்டர் கேட்பார்; 'மூணாவது சாக்குப் பூவுக்கு இன்னும் தூக்கம் தெளியல' என்று அத்தை சொல்வார் என்று ஒரு இடம். இதைப் படித்துவிட்டா உணர்ச்சி இல்லை என்று எழுதினேன்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு எரியோடு பஸ்ஸில் ஏறினேன். இறங்கி ஊருக்குள் நடக்கும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒருமுறை நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவியின் வீட்டில் அவள் அப்பா இருந்தார். டீச்சர் வந்திருக்கிறார் என்றதும் துண்டை எடுத்து உதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மாவையும் கூப்பிடச் சொன்னேன். கையில் ஒட்டிய செண்டுமல்லி இதழ்களைத் தட்டிக்கொண்டே வந்தார். மாணவி கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் படத்தில் பேசுகிற ஒரு வரியும் அவள் எழுதியதில்லை, எல்லாம் நான் எழுதியது, அவள் வேண்டாம் என்று சொல்லியும் எழுதினேன் என்றேன்.

அந்த அம்மாதான் முதலில் கேட்டார். "நேத்து ஏன் டீச்சர் இதைச் சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா" என்றேன். வேறு எந்தப் பதிலும் பொய்யாக இருந்திருக்கும்.

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, நீயாச்சும் சொல்லக் கூடாதா? அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டு நின்ன."

"மிஸ் நான் ஜெயிக்கணும்னுதான எழுதிக் குடுத்தாங்க. அவங்க மேல போயி எப்படிப்பா சொல்றது?" என்றாள் அவள்.

மன்னித்துவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கையில் மிச்சமிருந்த இதழையும் தட்டிவிட்டார். பிறகு, "இங்க உக்காந்து மன்னிப்புக் கேட்டா யாருக்குக் கேக்கும்? டிவியில சொன்னதை டிவியிலயே மாத்துங்க. அதுதான் நாயம்" என்றார். மாணவியிடம் திரும்பி, "நீ நாளையிலருந்து காலேஜுக்குப் போ. உங்கப்பன்ட்ட நான் பேசுறேன்" என்றார். அவள் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

முதல்வரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பரிசு வாங்கிய படத்தை நாமே தவறென்று சொன்னால் கல்லூரிக்கு என்ன பெயர் என்று கோபப்பட்டார். இரண்டு நாள் கழித்து, உன் பொறுப்பில் செய்துகொள் என்று விட்டுவிட்டார். கேபிள்காரர், போட்ட படத்தை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று அலுத்துக்கொண்டார். நான்கு தடவை போய் நின்றபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் கொடுத்தார்.

அதே ஸ்டுடியோ. படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, மைக்கை அந்த அம்மா முன்னால் வைத்தோம். எழுதி வாசிக்கச் சொல்லவில்லை. மாணவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க அவர் பேசினார். எந்தப் பூ எத்தனை நாள் தாங்கும், மழையில் நனைந்த பூவுக்கு மார்க்கெட்டில் என்ன மரியாதை, முதன்முதலாகத் தனியாகச் சாக்கைத் தூக்கிய அன்று பஸ்ஸில் யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கணவர் இறந்ததையும் சொன்னார். ஒரே வரி. "அவரு போனதுக்கு அடுத்த வாரம் பூப் பறிக்கணும், பறிச்சேன்." அடுப்படிக் காட்சி வந்தபோது, "இந்தா, இது பொகை" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் வைத்தோம். ஸ்டுடியோக்காரர் பின்னணி இசை வேண்டுமா என்று பழக்கதோஷத்தில் கேட்டார். நானும் மாணவியும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்றோம்.

படத்துக்கு முன்னால் நான் கேமராவைப் பார்த்து மூன்று வரி பேசினேன். முன்பு ஒளிபரப்பான படத்தில் இருந்த வார்த்தைகள் என்னுடையவை, அவை உண்மையில்லை, மாணவிக்கு அதில் பங்கில்லை. அந்த மூன்று வரியைச் சொல்லப் பதினோரு தடவை எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் வடமதுரைக்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். என்னால்தானே என்று நான் புலம்பியபோது அந்த அம்மா, "டிவி சொன்னதை நம்பி வீட்டை நம்பாதவங்க. விடுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஒட்டன்சத்திரம் பக்கம் அந்த அம்மாவின் மகளுக்குக் கல்யாணமானது. எனக்கும் பத்திரிகை வந்தது. போயிருந்தபோது அந்த அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம், "என்னைய டிவியில அழவச்ச டீச்சர் இவங்கதான்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தபடி, "ஏனுங்க டீச்சர், நெசமாவா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

மாணவி தேர்வு எழுதித் தேறினாள். இப்போது வானொலி நிகழ்ச்சிகளுக்கு எழுதுகிறாள். நான் இன்னும் அதே இரண்டு பாடங்களைத்தான் நடத்துகிறேன். ஒருவரைப் பற்றி எழுதினால் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு வந்துதான் என்னிடம் தர வேண்டும் என்பது என் வகுப்பில் சட்டம். ஏன் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, வராந்தாவில் நான் பேசாமல் நின்ற அந்த நிமிடத்தையும் விடாமல் முழுக்கதையையும் சொல்லிவிடுவேன். எழுதும்போது ஒரு வரி அழகாக வந்து விழுந்துவிட்டதே என்று இப்போதும் எனக்குச் சந்தோஷம் வருகிறது. கூடவே ஒரு சின்ன பயமும் வருகிறது, அந்தப் பயம் என்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.