வெளியே ஒரு தாழ்ப்பாள்

போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் பக்கம் ஒரு சாஸ்தா கோவிலில் காதுகுத்து. பந்தல், மைக் செட், கறிக்குழம்பு வாசனை... ஒன்றுக்கும் குறைவில்லை. தாய்மாமன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடி மட்டும் காலி.

குழந்தையின் அம்மா பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

அவள் பெயரை வடிவு என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் எனக்குப் பக்கத்து வீடு. என் ரவிக்கையெல்லாம் எட்டு வருடமாக அவள் மிஷினில்தான் தைக்கிறாள். அதிர்ந்து பேசாத பெண். அவளா இப்படி நிற்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு மாதம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மனநலம் படிக்கிற ஒரு மாணவி எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தாள். கையில் நாலு பக்கக் கேள்வித்தாள். சின்ன வயதில் உங்களை யாராவது அடித்ததுண்டா, மிரட்டியதுண்டா, அடைத்து வைத்ததுண்டா... இப்போது தூக்கம் எப்படி, காரணமில்லாத பதற்றம் உண்டா... ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுத்தேன். அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை எங்கே இருக்கிறது, இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று மனதுக்குள் சிரிப்பு வேறு. காபி கொடுத்து, பக்கத்து வீட்டைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

வடிவு வீட்டிலிருந்து அந்த மாணவி வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் வடிவின் அம்மா முக்கூடலிலிருந்து பஸ் ஏறி நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பேத்திக்குக் காது குத்தப் போறோம். சின்னதுல அண்ணன் ஏதோ வெளையாடிட்டானாம், அதச் சொல்லி தாய்மாமன் மடில வைக்க மாட்டேங்கா. அவனும் மோதிரம், கம்மல்னு எடுத்து வச்சிருக்கான். ஊர்ல என்ன பேசுவாவ? நீங்க பத்திரிகைல எழுதுதிய. நீங்க சொன்னா கேப்பா."

சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. வடிவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏதோ பெரிய பஞ்சாயத்துக்காரி மாதிரி ஆரம்பித்தேன். "பத்து நிமிஷம்தானே வடிவு? அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். எப்பவோ நடந்தது..."

 அவள் கேட்டாள்:

"யக்கா, எட்டு வருஷமா உங்க வீட்டுக்கு வாரேன். என்னைக்காவது நான் உங்க பாத்ரூமுக்குப் போயி பாத்திருக்கியளா?"

யோசித்தேன். பார்த்ததே இல்லை.

"எங்கயும் போமாட்டேன். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, எங்கயும். எங்க வீட்டுலயும் கதவச் சாத்த மாட்டேன். எங்க வீட்டுக்காரவுக வெளிய காவல் நிப்பாக."

அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். மத்தியானம் பீடி கொடுக்கக் கம்பெனிக்குப் போய்விடுவார். அப்பா லாரியில். வீட்டில் பதினாலு வயது அண்ணனும் ஆறு வயது வடிவும். கொல்லையில் கக்கூஸ். தாழ்ப்பாளும் வெளியே, லைட் சுவிட்சும் வெளியே. அம்மா தெருமுனை திரும்பியதும் அண்ணன் அவளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டு லைட்டை அணைத்துவிடுவான். கத்தினால் இன்னும் ஒரு மணி நேரம். கத்தாவிட்டால் பாம்பு வருது என்று கதவைத் தட்டுவான். நாலு வருடம்... அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிற வரை.

அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். எத்தனையோ நாள் வந்து திறந்துவிட்டவரே அவர்தான். "வெளையாட்டுக்குத்தான செஞ்சான். இதுக்குப் போயி அழுவியா?" என்று நனைந்த பாவாடைக்கு வடிவையே திட்டியிருக்கிறார்.

"கேள்வித்தாளோட வந்துச்சுல்லா, அந்தப் பிள்ளதான் மொதமொதல்ல கேட்டுச்சு, அடைச்சு வச்சாங்களான்னு. இத்தன வருஷத்துல ஒருத்தர் கேக்கல. 'கோளாறு உங்ககிட்ட இல்லக்கா, உங்களுக்கு நடந்ததுல'ன்னு சொல்லிச்சு. நான் கிறுக்கின்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

 நான் இளக்காரமாகச் சிரித்த அதே கேள்வித்தாள். பிறகுதான் தேடிப் படித்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை வயதில் விழுந்த பயம், முடி நரைக்கிற வரைக்கும் கூட வரலாம். தூக்கம் கெடும், பதற்றம் வரும், எதிலும் பிடிப்பில்லாமல் போகும். உடன்பிறந்தவர் செய்கிற கொடுமையை வீடுகள் 'சண்டை' என்று சொல்லித் தள்ளிவிடுவதால் அது கணக்கிலேயே வருவதில்லை. யாராவது ஒருவர் நம்பி, கூட நின்றிருந்தால் பாதிப்பு குறைந்திருக்கும்.

ஒருவர் போதுமாம். அந்த வீட்டில் அந்த ஒருவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியாவது அந்த ஒருவராக இருந்தாளா? அவளும் 'பத்து நிமிஷம்தானே' என்றாள்.

வடிவு கேட்டது ஒன்றே ஒன்று. "நான் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். தாராளமா உக்காரட்டும்." அண்ணன் சொல்லி அனுப்பிய பதில்: "சின்னப் பயலா இருக்கையில செஞ்சதுக்கு இப்ப நான் கால்ல விழணுமோ?" பதினாலு வயதில் அவர் சின்னப் பயல். ஆறு வயதில் அவள் மட்டும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, மறந்தும் போக வேண்டிய பெரிய மனுஷி. என்ன நியாயம் இது?

அப்படித்தான் அந்த மடி காலியாகக் கிடந்தது. மைக்கில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம். "ஏட்டி, நேரம் போவுது, கொடு பிள்ளய" என்று வடிவின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வேணும்னே எம் மானத்த வாங்குதா."

வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை நான் தப்புப் பண்ணவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, "அவ கொடுக்க வேண்டாம்" என்றேன். என்னை யார் கேட்டது என்று நாலு பேர் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

வடிவு தானே பாயில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.  பிடி தளரவில்லை. காது குத்த வந்த ஆசாரி சுற்றிலும் பார்த்துவிட்டு, "யாரு மடியா இருந்தா எனக்கென்ன? பிள்ள ஆடாம இருந்தாச் சரி" என்று ஊசியை எடுத்தார். அத்தனை பேரில் வேலையை மட்டும் பார்த்தவர் அவர்தான். அண்ணன் சாப்பிடாமல் காரில் ஏறிப் போனார். தப்பு என்ற வார்த்தை கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் குளியலறைக் கதவைப் பார்த்தேன். வெளியே தாழ்ப்பாள். வெளியே சுவிட்ச். இருபது வருடமாக அங்கேதான் இருக்கின்றன. சுவிட்சை மாற்ற எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாளைக் கழற்ற மறுநாள் தச்சர் வந்தார்.

"நல்லாத்தான இருக்கு. எதுக்கும்மா களத்தணும்?"

"வெளியே எதுக்கு இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தார்.  ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

உங்கள் வீட்டில் எப்படி?