பஞ்சாங்கத்தில் இல்லாத பிறந்தநாள்

என் வயது என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சொல்லத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு கேள்வியால் நான் பட்ட பாடு அப்படி.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தேன். போடிமெட்டுப் பாதையில் கழுதைகளின் முதுகில் இறங்கி வரும் மூட்டைகளை மலையடிவாரத்தில் ஏற்றி, ஊருக்குள் இருந்த கிட்டங்கியில் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் ஒரு மோட்டார் லாரி வாங்கியிருந்தார். அப்போது ஊரில் மோட்டார் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் வந்த டிரைவர் மலைக்காய்ச்சல் கண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். கூடவே கிளீனராகத் திரிந்த நான் அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் ஓட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான், புரியவில்லை.

புதிதாக வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் வண்டியை நிறுத்தி லைசென்ஸ் எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு காகிதம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலாளி ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வண்டி என் கையில். இல்லாவிட்டால் லைசென்ஸோடு தயாராக இருக்கும் மதுரைக்காரர் ஒருவர் வந்துவிடுவார், நான் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

மதுரையில் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸில் ஒரு வண்டியைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். முன்னால் விட்டேன், பின்னால் எடுத்தேன், சந்துக்குள் திருப்பினேன். தலையாட்டினார்கள். பிறகு ஒரு குமாஸ்தா என்னை உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். பதினெட்டு வயது முடியாதவன் பொதுச் சாலையில் மோட்டார் ஓட்டக்கூடாது. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், வருஷாவருஷம் வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். எனக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது, போன வருஷமே கல்யாணமும் ஆகிவிட்டது. பிறகென்ன? அத்தாட்சி கேட்டார். ஜாதகம் இருக்கிறது என்றேன். கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் ஜாதகத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஜாதகம் எதற்கு ஆபீஸுக்கு, அவர்களுக்கு அதைப் பார்க்கத் தெரியுமா என்றெல்லாம் இழுத்தாள். நான் வண்டி ஓட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து நானே எடுத்துப் போனேன்.

குமாஸ்தா ஜாதகத்தை விரித்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மோட்டார் ஓட்டுவதற்கும் பஞ்சாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, திங்கக்கிழமை, ரோகிணின்னு எழுதியிருக்கு. அந்த வருஷப் புரட்டாசியிலே இந்தத் தேதி வெள்ளிக்கிழமை. ரோகிணியும் இல்லை. இப்படி ஒரு நாளே வரலையே."

திருதிருவென்று முழித்தேன். வராத நாளில் நான் எப்படி வந்தேன்? அவர் இரண்டு வருஷம் தள்ளி இன்னொரு பஞ்சாங்கத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஜாதகத்தோடு ஒத்துப்போயின. அப்படியானால் எனக்குப் பதினேழு. அவர் என்னைத் திட்டவில்லை. என் பிறப்பை அறிந்த பெரிய மனிதர் யாராவது வயதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதையே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஜாதகத்தை மடித்துக் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழா, பத்தொன்பதா? அப்படியென்றால் கல்யாணத்தன்று எனக்கு என்ன வயது? மீசையைத் தடவிப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் மழுப்பினாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"கல்யாணம் பேசுறப்ப பொண்ணுக்குப் பதினேழு, ஒனக்குப் பதினாறு. பொருத்தம் அம்புட்டும் கூடி வந்துருச்சு. வயசுக்காக விட்டுற முடியுமாப்பு?"

அதனால் ஜோசியரைப் பிடித்து வருஷத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள். நட்சத்திரத்தில் கை வைத்தால் பொருத்தம் போய்விடும் என்று மற்றதை அப்படியே விட்டுவிட்டாராம். மருமகளுக்கு இது தெரிந்தால் சம்பந்தி வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் வாயைக் கட்டிவிட்டாள்.

முதலாளியோ, இதற்கா இத்தனை யோசனை, மாமனாரிடம் கையெழுத்து வாங்கு என்றார். என் மாமனார் சிலமலையில் நிலபுலன் உள்ளவர். அவருக்குத் தெரிந்தது ஜாதகத்தில் இருந்த வயதுதான், அவர் மனதறிந்து பொய் சொல்லப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

மனைவியோடு சிலமலைக்குப் போனேன். மாமனார் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸில் ஜாதகத்தைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள், அதனால் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம் என்றேன். அவர் கை பாதியில் நின்றது.

"மாப்ளே, வேற என்ன வேணுமின்னாலும் கேளுங்க. பொறந்த நாளு சமாச்சாரத்துல நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

கை கழுவிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சோலி இருப்பதாகச் சொல்லி வெளியே போனவர் நாங்கள் கிளம்பும்வரை திரும்பவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் குட்டு உடைந்துவிட்டதா? உடைந்திருந்தால் அவர் என்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். தப்பு செய்தவன் நான், பயந்து ஓடுகிறவர் அவரா?

போடிக்கு வயல் வழியாக நடந்தோம். பாதி வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பதினேழுதான், உன்னைவிட ஒரு வயது சின்னவன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், அப்படியே தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வரப்பிலேயே நின்றாள்.

"எனக்கும் ரெண்டு வருசத்தைக் கொறச்சுத்தான் எழுதுனாங்க. எனக்கு இப்ப இருவது."

பெரியவளாகி வெகுநாள் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அவள் அப்பா செய்த வேலை. பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் என்றதும், அடுத்து மகளுடைய ஜாதகத்தையும் கேட்பார்கள் என்று மனுஷன் நடுங்கிப்போயிருக்கிறார். எனக்குக் கோபம் வர வேண்டும் போலிருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கையெழுத்துப் போட வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"வேணாங்க. பதினேழுன்னே சொல்லிருங்க. நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது வயசு நெசமா இருக்கட்டும்."

எனக்குப் பதினேழுதான் என்று மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். மதுரைக்காரர் வந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூட்டை தூக்கினேன். அவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடுத்த புரட்டாசி கழிந்ததும், ஜோசியர் வருஷத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்த ஜாதகத்தோடு மதுரைக்குப் போனேன். அதே குமாஸ்தா பதினெட்டு என்று எழுதி லைசென்ஸ் கொடுத்தார். மதுரைக்காரர் வேறு வேலை கிடைத்துப் போன பிறகு வண்டியும் என் கைக்கு வந்தது.

பிறகு வருஷாவருஷம் புதுப்பிக்கப் போனேன். ஒவ்வொரு முறையும் வயதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் மனைவி லைசென்ஸைக் கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வயது எழுதிய இடத்தை விரலால் தொட்டு, என்ன போட்டிருக்கிறது என்பாள். சொல்வேன். உதடு அசைய மூன்று விரலை மடக்கி அதோடு கூட்டிக்கொள்வாள். அவளுடைய சரியான வயது வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.