டிவிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

எங்கள் டிவியில் ஹெட்போன் மாட்ட ஓட்டை கிடையாது. மரப்பெட்டி, நான்கு குமிழ், கருப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். எண்பதுகளின் பின்பாதியில் அரியலூரில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் இருந்தது. என் கணவர் டிபார்ட்மென்ட் பரீட்சைக்கு உள்ளறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். நான் டிவியைப் போட்டால் போதும், "சத்தத்தைக் குறையேன்" என்று குரல் வரும். குறைத்தால் எனக்குக் கேட்காது.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியைக்கு லப்பைக்குடிக்காடு சொந்த ஊர். துபாயிலிருந்து அவருடைய தம்பி கொண்டுவந்த ஹெட்போனை, வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று எனக்குக் கொடுத்தார். நான் பௌதிகம் நடத்துகிறவள். ஓட்டை இல்லாவிட்டால் நாமே வைத்துக்கொள்வோம் என்று ஒரு வீம்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரேடியோ கடையில் சாக்கெட், சின்ன ரெசிஸ்டர், மேலும் கீழும் தள்ளுகிற சுவிட்ச் எல்லாம் கேட்டேன். கடைக்காரர், "சாரை வரச் சொல்லுங்க, வெவரமா சொல்லித் தரேன்" என்றார். "சாருக்கு ஃபியூஸ் போடவே தெரியாது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் சுவிட்சை ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். மேலே தள்ளினால் ஸ்பீக்கர், கீழே தள்ளினால் ஹெட்போன். சுவிட்சைப் பின்மூடியிலேயே துளை போட்டுப் பொருத்தினேன். டிவியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததால் அது யார் கண்ணிலும் படாது. அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். தெருவே எங்கள் ஹாலில் இருக்கும். ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் தொங்குவார்கள். வராதீர்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. டிவி உள்ள வீடு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தினால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரர் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். அவருடைய அப்பா அம்மா பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். "இருக்கட்டுங்க டீச்சர்" என்று வாசற்படியில் நின்றே முழுப் படத்தையும் பார்ப்பார். அவர் மனைவி படம் முடிந்ததும் துடைப்பத்தைத் தேடி எடுத்து ஹாலைப் பெருக்கிவிட்டுத்தான் போவார். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டின் மேல் யாருடைய குழந்தையோ ஒன்றுக்குப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் கண் மண் தெரியவில்லை. ஆண்டெனா ஒயரைச் சரி செய்கிறவள் போல டிவிக்குப் பின்னால் கை விட்டு, சுவிட்சைக் கீழே தள்ளினேன். சத்தம் நின்றது.

"ஸ்பீக்கர் போயிடுச்சு போல" என்றேன்.

கொஞ்ச நேரம் வாயசைவைப் பார்த்து தாங்களாகவே வசனம் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். "அடடா, பொட்டி வாங்கி ஒரு வருசம்கூட ஆவலையே டீச்சர்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன். எனக்கு இன்றும் மிகவும் வெட்கமாக இருப்பது அதுதான்.

அடுத்த ஞாயிறும் ஹால் காலியாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு, படம் தொடங்கச் சற்று முன்னால், எதிர்வீட்டுக்காரர் கருவிப் பையோடு வந்து நின்றார். கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம்.

"ஸ்பீக்கர் கொண்டாந்திருக்கேங்க டீச்சர். நம்ம வூட்டு ரேடியோவுல இருந்தது. கொஞ்சம் சின்னது, ஆனா நல்லா கேக்கும்."

அவர் வீட்டு ரேடியோவில்தான் எனக்குத் தினமும் விடியும். இரண்டு நாளாக அது பாடவில்லை. ஏன் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

"எதுக்குண்ணே ஒங்களுக்குச் சிரமம், திருச்சியில குடுத்துப் பாத்துக்கறோம்" என்றேன்.

"அஞ்சு நிமிச வேலைங்க" என்று சொல்லி, முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். டிவியை மெல்லத் திருப்பினார். சுவிட்சைப் பார்த்தார். மூடியைக் கழற்றி, ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலாலேயே தொட்டுக்கொண்டு போனார். பக்கத்து அலமாரியில் ஹெட்போன் இருந்தது. அதையும் பார்த்தார்.

"ஈயம் நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க டீச்சர்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்து தப்பித்திருப்பேன்.

மூடியைப் பொருத்தி, டிவியைப் போட்டுவிட்டு, சுவிட்சை மேலே தள்ளினார். சத்தம் வந்தது. கருவிப் பையைப் பார்த்து ஓடிவந்து ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என்ன கோளாறு என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஒரு ஒயர் விட்டுப்போயிருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு ரேடியோ பாடியது. ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க வந்தது. அவரும் அவர் மனைவியும் மட்டும் வரவில்லை. வாசற்படியில் நிற்கிற தன்னை விரட்டத்தான் இத்தனை வேலையும் என்று அவர் நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? உங்களை இல்லை அண்ணே, அந்தக் கூட்டத்தைத்தான் என்று சொல்ல எதிர்வீடு வரை போக எனக்குக் கால் எழவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தெருக்குழாயில் அவர் மனைவியைப் பார்த்தேன். "என்னக்கா, படத்துக்கு வர்றதே இல்ல?" என்று கேட்டேன்.

"அவருதான் போவ வேணாம்னுட்டாரு டீச்சர். ஏன்னு கேட்டா வாயே தொறக்கல. நீங்க எதும் சொல்லிட்டீங்களோன்னுகூட நெனச்சேன்."

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"அதானே, நீங்க அப்படிப்பட்டவங்களா? இந்த மனுசனுக்குத்தான் என்னமோ கிறுக்கு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்லக்கா, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்றேன்.